கெட்டும் பட்டணம் சேர் என்றார்களே, ஆர்கன்சாவுக்கு யார் வருவார்கள்?

அமெரிக்காவில் கடற்கரையும் பெருநகரமும் இல்லாத சின்ன மாநிலங்கள், நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் இருக்கும் முதல்தர ஆட்களைத் தங்கள் பக்கம் இழுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிச்சலுகை, கையில் ரொக்கம், மலிவான வீடு என்று ஆசை காட்டினால் வருவார்களா என்பது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி.

நான் 2015-ல் நியூஜெர்சியிலிருந்து ஆர்கன்சா மாநிலத்தின் பெண்டன்வில் ஊருக்குக் குடும்பத்தோடு வந்தவன். அன்றிலிருந்து இங்கே வருகிறவர்களையும் கிளம்பிப் போகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருவார்கள் என்பதுதான் என் பதில். வரவழைப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் தோற்பது வந்தவர்களைத் தங்கவைப்பதில்.

"கெட்டும் பட்டணம் சேர்" என்று நம் பெரியவர்கள் சொன்னதை இங்கே வந்தபிறகு பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக் கெட்டவனைப் பட்டணத்துக்கு ஏன் போகச் சொன்னார்கள்? அங்கே ஒரு வீட்டில் கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் இன்னொரு கதவைத் தட்டலாம். பெரிய படிப்புப் படித்தவருக்கும் இதே கணக்குதான். புது ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது அவர் அங்கே கிடைத்திருக்கும் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்வதில்லை. இரண்டாவது வேலை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். இந்த வேலை போனால், அல்லது சலித்துப்போனால், வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாமல் அடுத்து எங்கே போவது? கூடவே வரும் மனைவிக்கோ கணவருக்கோ அந்த ஊரில் என்ன வேலை? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத ஊருக்குச் சம்பளத்தை இரட்டிப்பாகக் கொடுத்தாலும், வருகிறவர் பெட்டியைப் பாதி பிரிக்காமலேயே வைத்திருப்பார்.

இதை எனக்குத் தெளிவாக்கியது யூட்டா மாநிலத்தின் கதை. சால்ட் லேக் சிட்டியில் பிறந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர் டேவிட் எவன்ஸ். 1960களின் நடுவில் யூட்டா பல்கலைக்கழகம் அவரைக் கணினித் துறை தொடங்கக் கூப்பிட்டது. சொந்த மண், பெரிய மார்மன் குடும்பம் (யூட்டாவில் வேரூன்றிய கிறிஸ்தவப் பிரிவு அது), வந்துவிட்டார். வந்தவர் கணினி அறிவியலின் எல்லாக் கிளைகளிலும் கைவைக்கவில்லை. கணினியில் படம் வரைவது என்ற ஒரே கிளையைப் பிடித்துக்கொண்டார். அதை முழுமூச்சாகச் செய்யும் இடங்கள் அன்றைக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 1968-ல் கணினிப் படங்களின் முன்னோடியான இவான் சதர்லண்டே ஹார்வர்டை விட்டுக் கிளம்பி வந்தார். இருவருமாகச் சேர்ந்து சால்ட் லேக் சிட்டியில் ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள். 1969 டிசம்பரில், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் நான்கு இடங்களை இணைத்தபோது அதில் மூன்று கலிஃபோர்னியாவில் இருந்தன, நான்காவது யூட்டா.

யூட்டாவின் அந்தக் கணினித் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் பெயரைப் பாருங்கள்: கணினித் திரையில் ஜன்னல்கள் திறக்கும் முறைக்கு வழிகாட்டிய ஆலன் கே, ஜான் வார்னாக், எட் கேட்மல், ஜிம் கிளார்க். பிரான்சிலிருந்து ஆன்றி கூரோ வந்தார். வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங் வந்தார். வளைந்த பரப்பின் மேல் வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்கிட இவர்கள் இருவரும் கண்டுபிடித்த முறைகளை இன்றும் மாணவர்கள் கூரோ, ஃபோங் என்று அவர்கள் பெயராலேயே படிக்கிறார்கள். அப்படியானால், கடற்கரை இல்லாத உள்நாட்டு மாநிலத்துக்கு உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் வருமா என்ற கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. வேறெங்கும் செய்யமுடியாத ஒரு காரியம் அங்கே நடந்தால் போதும், வரும். கடலும் வேண்டாம், நகரமும் வேண்டாம்.

பட்டம் வாங்கியபிறகு இவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் பாருங்கள். கேட்மல் நியூயார்க் போய், அங்கிருந்து கலிஃபோர்னியா போய், பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோவை உருவாக்கியவர்களில் ஒருவரானார். கிளார்க் 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில், படம் வரையும் கணினிகளைச் செய்யும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1982-ல் வார்னாக் அங்கேயே, பின்னாளில் பிடிஎஃப் கோப்பைத் தந்த அடோபி மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார். வார்னாக் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர். அவரையே அந்த ஊரால் பிடித்துவைக்க முடியவில்லை. இவர்களின் வேலைக்கு யூட்டாவில் இருந்தவை இரண்டே வாசல்கள்: பல்கலைக்கழகம், எவன்ஸும் சதர்லண்டும் தொடங்கிய கம்பெனி. மூன்றாவது வாசல் கலிஃபோர்னியாவில்தான் இருந்தது.

பிற்பாடு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யூட்டாவில் கணினியில் எழுதுவதற்கான மென்பொருள் செய்த வேர்ட்பெர்ஃபெக்ட் வந்தது, கணினிகளை இணைக்கும் மென்பொருள் செய்த நோவெல் வந்தது. இரண்டும் உச்சிக்குப் போய்ச் சரிந்தன. ஆனால் அவற்றில் தொழில் பழகியவர்களில் நிறையப் பேர், சொந்தபந்தமும் தேவாலயமும் அங்கேயே இருந்ததால், ஊரைவிட்டுப் போகவில்லை. அடுத்த கம்பெனிகளை ஆரம்பித்தார்கள். அந்தச் சூழலில் ஓரம் என்ற ஊரில் வளர்ந்த, இணையதளங்களுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் ஆம்னிச்சர் கம்பெனியை 2009-ல் 180 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? வார்னாக்கின் அடோபி. 2012-ல் லீஹை ஊரில் பெரிய வளாகத்தையும் திறந்தது. வார்னாக்குக்குக் கிடைக்காத மூன்றாவது வாசல் யூட்டாவில் அமைய நாற்பது வருடம் பிடித்திருக்கிறது. நான்கு வருடத் தேர்தல் கணக்கில் திட்டம் போடும் ஆளுநர்கள் இந்த நாற்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கு டகோட்டாவிலும் இதே சாயலில் ஒரு கதை உண்டு. ஆர்த்தர் என்ற குட்டி ஊரில் பிறந்த டக் பர்கம், ஸ்டான்ஃபோர்டில் படித்துச் சிகாகோவில் வேலை பார்த்துவிட்டு 1983-ல் ஊருக்குத் திரும்பினார். குடும்ப விளைநிலத்தை அடமானம் வைத்து ஃபார்கோ நகரின் கிரேட் பிளெயின்ஸ் மென்பொருள் கம்பெனியில் பணம் போட்டார். 2001-ல் மைக்ரோசாஃப்ட் சுமார் 110 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஃபார்கோ வளாகம் மூடப்படாமல் மைக்ரோசாஃப்டின் வளாகமாகவே தொடர்ந்தது. எவன்ஸ், பர்கம் இருவரும் அந்த மண்ணில் பிறந்து, வெளியே போய்த் தேறி, திரும்பியவர்கள். ஒரு மாநில அரசு என்னிடம் யோசனை கேட்டால், அந்நியர்களுக்கு விளம்பரம் செய்வதற்கு முன்னால், உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் முடித்துப் போன பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள் என்பேன். ஊர்ப்பாசம் உள்ளவரைக் கூப்பிட்டால் அவர் தன்னைவிடக் கெட்டிக்காரர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். சதர்லண்ட் வந்தது எவன்ஸுக்காகத்தான்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். சாம் வால்டன் 1950-ல் பெண்டன்வில் சதுக்கத்தில் ஒரு சில்லறைக் கடை வைத்தார். அவருடைய முதல் வால்மார்ட் பேரங்காடி பக்கத்து ஊரான ராஜர்ஸில் 1962-ல் திறந்தது. வால்மார்ட்டின் தலைமை அலுவலகம் பெண்டன்வில்லில்தான். பெண்டன்வில்லில் 1990-ல் சுமார் 11,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 54,000 பேர். ஆர்கன்சா மாநிலம் முழுவதும் சேர்த்தாலே 30 லட்சம்தான். 1980களின் கடைசியில், வால்மார்ட்டுக்குச் சோப்பும் ஷாம்பூவும் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஆட்களைக் கொஞ்சம் பேர் பக்கத்து நகரமான ஃபேயட்வில்லில் கொண்டுவந்து உட்காரவைத்தது. வாங்குகிறவர் இருக்கும் ஊரிலேயே விற்கிறவரும் இருந்தால் வியாபாரம் சுலபம் என்று பார்த்து மற்ற சப்ளையர்களும் வந்தார்கள். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் அலுவலகங்கள் உண்டு. நான் வந்ததும் அப்படி ஒரு சப்ளையரின் வேலைக்குத்தான். விற்பனை, சரக்குப் போக்குவரத்து, கடைக் கணக்குப் புள்ளிவிவரம் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை போனால் மறு வாரமே நான்கு இடத்தில் பேசலாம். இந்தத் தொழிலில் இது பட்டணம்தான், ஐயமே இல்லை.

மென்பொருள் ஆட்கள் விஷயத்தில் கதை வேறு. வால்மார்ட் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, கையில் பணத்துக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் 2000-ல் இணையக் கடையைத் தனிக் கம்பெனியாகத் தொடங்கியபோது கலிஃபோர்னியாவில் போய்த் தொடங்கியது. 2011-ல் காஸ்மிக்ஸ் என்ற இணையத் தொழில்நுட்பக் கம்பெனியை வாங்கி வால்மார்ட் லேப்ஸ் ஆக்கியபோதும் அது கலிஃபோர்னியாவிலேயே இருந்தது. காஸ்மிக்ஸைத் தொடங்கிய வெங்கி ஹரிநாராயண், ஆனந்த் ராஜாராமன் இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். 2016-ல் சுமார் 330 கோடி டாலருக்கு வாங்கிய ஜெட் டாட் காம் என்ற இணையக் கடை, நியூயார்க்குக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஹோபோகனில் இருந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் பொறியாளர் அலுவலகம் வைத்தார்கள். ஆக, பொறியாளர்களை ஊருக்குக் கூப்பிட முடியாமல், கம்பெனியே அவர்கள் இருக்கும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அதே காலத்தில் வால்டன் குடும்பம் இந்த ஊரில் பணத்தைக் கொட்டியது. மலைச் சைக்கிள் பாதைகள் 2007-லிருந்து நீண்டுகொண்டே போகின்றன. 2011-ல் ஆலிஸ் வால்டன் கட்டிய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய அருங்காட்சியகம் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் முன்பே 1998-ல் விமான நிலையம் வந்திருந்தது. (என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் அதுதான். நியூயார்க்குக்கு நேர் விமானம் உள்ள ஊரையும் இரண்டு விமானம் மாற வேண்டிய ஊரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று இரவில் போன் வரும்போது அது புரியும்.) 2024-ல் டாலஸ், அட்லாண்டா, டொரான்டோ அலுவலகத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோரை இடம்மாறச் சொன்னது வால்மார்ட், பலருக்குப் போகச் சொன்ன இடம் பெண்டன்வில். 2025 தொடக்கத்தில் 350 ஏக்கரில் புது வளாகம் திறந்தது. சிலர் வேலையை விட்டார்கள், நிறையப் பேர் வந்தார்கள்.

வந்தவர்களில் எங்கள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களோடு பேசும்போது அருங்காட்சியகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அறுபது நாளில் இங்கே வேறு வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாளுக்குள் அடுத்த கம்பெனி மனு போட வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். கம்பெனிகள் குவிந்திருக்கும் கலிஃபோர்னியாவின் சான்ஹோசேயில் இருப்பவருக்கு அந்த 60 நாள் பதற்றமான இரண்டு மாதம். பெரிய கம்பெனி ஒன்றே ஒன்று இருக்கும் ஊரில் இருப்பவருக்கு அது வீட்டை விற்கும் அவகாசம். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல், இவர்களுக்கு வசதி போதவில்லை போலிருக்கிறது என்று பூங்கா கட்டும் மாநிலங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

இங்கே சட்டத்துக்கும் பங்கு உண்டு. வேலையை விட்டபின் இத்தனை மாதம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தைக் கலிஃபோர்னியா 1872-லிருந்தே செல்லாது என்கிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஆட்கள் ஒரு கம்பெனியிலிருந்து எதிர்க் கம்பெனிக்குச் சர்வசாதாரணமாகத் தாவுவதற்கு அது பெரிய காரணம். ஆர்கன்சா 2015-ல் கொண்டுவந்த சட்டம் முதலாளிகள் பக்கம் சாய்ந்தது. பெரிய நகரத்தில் இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் வேறு துறைக்கு மாறிச் சமாளிக்கலாம். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அதில் கையெழுத்துப் போடுவது, வேலை போனால் மாநிலத்தைவிட்டே போகிறேன் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம். உள்நாட்டு மாநிலங்களிலேயே வடக்கு டகோட்டாவும் ஒக்லஹோமாவும் இதை வெகுகாலமாக ஏற்பதில்லை. மின்னசோட்டா 2023-ல் தடை செய்தது. காசு செலவில்லாமல் ஒரு மாநிலம் செய்யக்கூடிய காரியம் இது. செய்யாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவர்களிடம் வந்தால் இந்தப் பிரச்சினை பளிச்சென்று தெரியும். வெளிநாட்டில் மருத்துவம் படித்து ஜே1 விசாவில் இங்கே பயிற்சி முடித்தவர் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியால் 1994-ல் இதற்கு விலக்கு வந்தது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்தால் திரும்பிப் போக வேண்டாம். இன்றைக்கு ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர். கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் 30, சுமார் எட்டு லட்சம் பேர் உள்ள வடக்கு டகோட்டாவுக்கும் 30. சின்ன மாநிலத்துக்கு இதைவிடச் சாதகமாக ஒரு சட்டம் எழுத முடியாது. தமிழ்நாட்டில் படித்த மருத்துவர்கள் பலர் அமெரிக்கச் சிற்றூர்களுக்குப் போன வழி இதுதான். நான் அறிந்த இருவர், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒற்றை மருத்துவமனையில், அந்த ஊருக்கே உயிர்நாடியாக இருந்தார்கள். ஒருவர் மூன்றாம் வருடம் முடிந்த மாதமே டெக்சஸின் பெரிய நகரத்துக்குப் போய்விட்டார். அவருடைய மனைவி கட்டடக் கலைஞர். அந்த ஊரில் வருடத்துக்கு ஒரு கட்டடம் எழும்பினால் அதிகம். மற்றவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். அவருடைய மனைவிக்கு அதே மருத்துவமனையில் மருந்தகப் பொறுப்புக் கிடைத்தது. சம்பளம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாநிலமே தன் சட்டத்தால் ஆளை விரட்டுவதும் உண்டு. ஐடஹோவின் சாண்ட்பாயிண்ட் ஊர் மருத்துவமனை 2023-ல் கருக்கலைப்புக்கு எதிரான மாநிலத்தின் சட்டச் சூழலையும் மருத்துவர்கள் விலகுவதையும் காரணம் காட்டிப் பிரசவப் பிரிவையே மூடியது.

இனி ரொக்கத்துக்கு வருவோம். வெர்மான்ட் 2018-ல் சட்டம் போட்டு, வெளி மாநிலக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர் குடிவந்தால் 10,000 டாலர் வரை என்றது. அதே ஆண்டு ஒக்லஹோமாவின் டல்சா நகரில் ஒரு அறக்கட்டளை 10,000 டாலர் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் வட்டாரத்தில் 2020-ல் 10,000 டாலரோடு ஒரு சைக்கிளும். மேற்கு வர்ஜீனியா 2021-ல் 12,000. இவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். டல்சாவுக்கு ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறார்கள். ஆனால் இதில் வருகிறவர் முதல் வேலையைக் கையோடு கொண்டுவருகிறார். தலைமை அலுவலகம் எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று சொல்லும் நாளில், டல்சாவில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தால் இருப்பார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஊரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கொடுத்தால் இரண்டாவது வாசல் திறக்கும்.

ஒரே ஒரு நிறுவனமே பட்டணமாகிவிட்ட ஊரும் உண்டு, மின்னசோட்டாவின் ராச்செஸ்டர். 1883-ல் ஒரு சூறாவளி அந்த ஊரை நொறுக்கியது. காயம்பட்டவர்களைக் கவனித்த கன்னியாஸ்திரீகள், வில்லியம் மேயோ என்ற மருத்துவரையும் அவர் மகன்களையும் நம்பி 1889-ல் 27 படுக்கையோடு மருத்துவமனை திறந்தார்கள். அதுதான் மேயோ கிளினிக்காக வளர்ந்தது. 1,20,000 பேர் வாழும் ஊரில் பல பத்தாயிரம் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். கணவன் இதய நிபுணர், மனைவி புள்ளியியல் ஆய்வாளர் என்று இருவருக்கும் ஒரே கூரையின் கீழ் வேலை அமையும். ஆனால் இன்னொரு மேயோவை உருவாக்க 130 வருடம் காத்திருக்க எந்த மாநிலத்துக்கும் பொறுமை இராது. அதனால் அதை முன்மாதிரியாகக் காட்டுபவர்களை நான் நம்புவதில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு அதுதான் காரணம். நியூஜெர்சியில் என் மனைவி ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில், தன் சொந்த விசாவில், புரத ஆய்வு செய்துகொண்டிருந்தார். என் வேலைக்காக இங்கே வந்தோம். அவர் படிப்புக்குத் தகுந்த ஆய்வுக்கூடம் மூன்று மணி நேரத்துக்கும் மேலே காரில் போக வேண்டிய லிட்டில் ராக்கில் இருந்தது. ஒரு வருடம் தேடினார். பிறகு என் விசாவோடு வரும் வேலை அனுமதியை வாங்கிக்கொண்டு, சோப்பும் ஷாம்பூவும் வாரத்துக்கு எத்தனை விற்றது என்று கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். நல்ல சம்பளம், நல்ல மனிதர்கள். ஆனாலும் இந்த ஊர் ஒரு திறமைசாலியை ஈர்த்ததாகக் கணக்கு எழுதியபோது இன்னொருவரின் திறமையை அலமாரியில் பூட்டிவைத்தது. அந்தக் கணக்கு எந்த மாநிலத்தின் அறிக்கையிலும் வருவதில்லை. நாங்கள் மூன்று முறை கிளம்ப முடிவு செய்து, மகளின் பள்ளிக்காக மூன்று முறையும் தள்ளிப்போட்டோம்.

2025 ஜூலையில் ஆலிஸ் வால்டன் பெயரில் இங்கே மருத்துவக் கல்லூரி திறந்தது, முதல் வகுப்பில் 48 மாணவர்கள். கல்லூரி வந்தால் பின்னாலேயே ஆய்வுக்கூடங்கள் வரும் என்று ஊரில் பேச்சு. என் மனைவி போன வாரம் பரணிலிருந்து பழைய ஆய்வேட்டை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறார். பத்து வருட இடைவெளியை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்று நேற்று இரவு நெடுநேரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தோம்.